அளவுப் புத்தகம்

முதல் மாடி, வடக்குத் தாழ்வாரம்.
நீளம் இருபத்தேழு புள்ளி நாலு மீட்டர்.
டேப்பின் அந்த முனையைப் பிடித்திருப்பவன்
துர்ஜோதன் பெஹரா, கஞ்சம் மாவட்டம்.
கேட்டில் வாட்ச்மேன் மூன்று தடவை பெயர் கேட்டு
நாலாம் தடவை கேட்காமல்
‘துரை’ என்று எழுதிவிட்டார் ரிஜிஸ்டரில்.
சுங்கக் கிடங்காக இதைக் கட்டியவர்கள்
கப்பலேறி எத்தனையோ வருஷமாச்சு.
இப்போது மறுபடியும் ஒரு துரை,
காலில் ரப்பர் செருப்பு,
தலையில் சுண்ணாம்பு.

பாரம்பரியக் குழுவின் படிவத்தில்
கட்டடத்துக்கும் பூர்வீகம் கேட்கிறார்கள்.
எழுதுகிறேன்:
இரும்புத் தூண் கிளாஸ்கோ.
ஓடு மங்களூர்.
உத்திரம் ரங்கூன் தேக்கு.
சுண்ணாம்பு மட்டும் பழவேற்காட்டுக் கிளிஞ்சல்,
அதுவும் படகில் வந்ததுதான்.
இத்தனை ஊர்க்காரர்கள்
பாரிமுனையில் ஒரே கூரைக்குக் கீழே நிற்கிறார்கள்.
எப்ப வந்தே, எப்பத் திரும்பிப் போவே என்று
ஒருத்தரும் கேட்டதில்லை.

அந்த உத்திரத்தின் ஊரிலிருந்துதான்
அறுபத்து நாலில் என் அப்பாவும் வந்தார்.
துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா
தலையெண்ணி இறக்கினார்.
வியாசர்பாடியில் ஐம்பது வருஷம் இருந்து,
ரேஷன் அட்டை வாங்கி, ஓட்டுப் போட்டு,
செத்த அன்றைக்கும் தெருவில்
‘பர்மாக்காரர் போயிட்டார்’ என்றுதான் பேச்சு.
அவர் பீச் ஸ்டேஷன் எதிரில்
கையால் பிசைந்து கொடுத்த அத்தோவுக்கு மட்டும்
எப்படியோ இந்த ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டது.

மாடிப்படிக்குக் கீழே
பழைய பீரோவை நகர்த்தியபோது
சுவரில் கரிக்கோடுகள்.
நாலு நின்ற கோடு, குறுக்கே ஒன்று;
இரண்டு கட்டு, தனியாக ஒன்று.
பக்கத்தில் தெலுங்கில் ஒரு வரி.
ஆலோசகர் பார்த்தார்.
‘பிற்சேர்க்கை. துடைத்துவிடலாம்.’
அவர் போன பிறகு துரை குனிந்து
எழுத்துக் கூட்டிப் படித்தான்,
அவன் ஊர் ஆந்திர எல்லையில்.
‘கூலி பாக்கி, பதினோரு நாள்.’
பெயர்க்கத் தேவைப்படவில்லை;
பாக்கி அவனுக்கும் பாக்கிதான், எனக்கும்.
யார் எழுதியது, எந்த மூட்டைக்கு,
கிடைத்ததா, தெரியாது.
கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:
‘எங்களுக்கு ஒன்பது, மேடம்.’

அகலம் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்,
உயரம் முப்பது.
பொருள்: கரி.
நிலை என்ற கட்டத்தில்
‘நிலுவை’ என்று எழுதினேன்.
பிறகுதான் பார்த்தேன்,
அங்கே ‘நன்று’, ‘சுமார்’, ‘சிதிலம்’
மூன்றில் ஒன்றைத்தான் டிக் அடிக்க வேண்டுமாம்.

வெள்ளிக்கிழமை கான்ட்ராக்டர் வந்தார்,
பில்லோடும் ஒரு கிலோ பால்கோவாவோடும்.
பேனாவில் மை இல்லை என்றேன்.
தன் பேனாவை நீட்டினார்.
அரசாங்கக் கையெழுத்துக்கு
அரசாங்க மைதான் ஆகும் என்றேன்.
அப்படி ஒரு விதி இல்லை.
அவருக்கும் அது தெரியும்.
திங்களும் மை வரவில்லை.
பால்கோவாவை எறும்பு கண்டுபிடித்துவிட்டது.

புதன்கிழமை எட்டு நாள் கூலி கொடுத்தார்கள்.
ஒரு நாளை யாரோ தின்றுவிட்டார்கள்;
யாரென்று என் புத்தகத்தில் கட்டமில்லை.
நான் கையெழுத்துப் போட்டேன்.
போட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

வியாழன் காலை வெள்ளையடிப்பு.
கீழே இறங்கிப் போனால்
துரை உட்கார்ந்துகொண்டு
அந்தக் கரிக்கோடுகளைச் சுற்றி
நாலு பக்கமும் காகித டேப் ஒட்டுகிறான்,
மூலை மூலையாக நகத்தால் அழுத்தி.
நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.
பக்கத்தில், டேப்புக்கு உள்ளேயே,
புதிதாக
ஒரே ஒரு கோடு.