பிடிக்கிறவன்

அவளால் காலை ஊன்ற முடியாது.
முட்டைக்குள் குஞ்சுபோல் மல்லாந்து கிடக்கிறாள்.
மூடியை வைத்து விளிம்பு முழுக்க
டேப் ஒட்டியது நான்தான்.
எனவே புறப்படும்போது ஒருத்தன் தாங்கித் தள்ள வேண்டும்,
நிற்கும்போது ஒருத்தன் ஓடிப் பிடிக்க வேண்டும்.
தள்ளுவது ரிஸ்மி. பிடிப்பது நான்.

சாய்வில்லாத ரோட்டுக்கு
எட்டு மாதம் அலைந்தோம் இந்த மலையில்.
ஏற்றம், வளைவு, மறுபடி வளைவு,
கோயில் வந்தால் மட்டும் கொஞ்சம் மட்டம்.
குழாயில் தண்ணீர் நிரப்பி ஆளுக்கொரு முனை பிடித்து
முழங்காலில் நகர்ந்து அளந்தோம்.
"கேபிள் போடுறீங்களா?" என்றான்
பண்ணைக் காவல்காரன் நிஷாந்த.
அம்பேவெலயில், மாட்டுப் புல்லுக்கு நடுவே,
கவ்வாத்து வெட்டினாற்போல்
மூன்று கிலோமீற்றர்.

கூடு செய்தது
மீன் வருகிற ரெஜிபோம் பெட்டிகளை ஒட்டிச் செதுக்கி.
மேலே கண்ணாடி நார், மூன்று பூச்சு,
சசிரேகாவின் பதினெட்டு மாதச் சீட்டுக் காசு.
வெயில் பட்டால் இன்னமும் சூரை மணக்கும்.
உள்ளே மூச்சு விட்டால் கண்ணாடி புகையும்;
வெளியே பனி, உள்ளேயும் பனி,
நடுவில் ஒரு விரலால் துடைத்த
தீப்பெட்டி அளவு வழி.

ஐந்தே முக்கால்.
குன்றின்மேல் காற்றாலைகள் நிற்கின்றன.
நிற்க வேண்டும். அவை சுற்றினால்
எவ்வளவு மிதித்தாலும் கணக்கில் வராது.
ஊருக்கெல்லாம் கரண்டு வேண்டும்.
எங்களுக்கு ஒன்பது நொடிக்கு வேண்டாம்.

போனில் ரிஸ்மி: "விட்டுட்டேன்."

நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு தையல் மெசின்போல் சங்கிலிச் சத்தம்,
தார் ரோட்டிலிருந்து டயர் உரிகிற சத்தம்.
ஒரு மாடு தலை திருப்பியது.
அது திரும்பி முடிப்பதற்குள்
அங்கே பார்க்க எதுவும் இருக்கவில்லை.

இப்போது என் வேலை.
வேகம் குறைகிறது. இருபது. பத்து.
நடக்கிற வேகம். சாயத் தொடங்குகிறது.
போன மாசியில் இதே இடத்தில்
என் செருப்பு வார் அறுந்தது.
அவள் முழங்கைத் தழும்பைப் பற்றி
இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.
வெறுங்காலோடு ஓடுகிறேன்,
சாணியில், சரளைக்கல்லில்,
கையை அகல விரித்து,
கோழி பிடிக்கிறவன்போல.

பிடித்துவிட்டேன்.
கூடு சுடுகிறது.
டேப்பைக் கிழித்ததும் ஆவி எழுந்து வருகிறது,
அதற்குப் பின்னால் அவள் முகம், கிழங்குபோல் வெந்து.

"எவ்வளவு?"

எட்டு புள்ளி எட்டு நான்கு. எண்பத்தொன்று.
பால் சாவடிச் சுவரில் நாங்கள் கரியால் எழுதியது எண்பது.
சொன்னேன்.
அவள் சிரிக்கத் தொடங்கினாள், அதற்குள்
ரிஸ்மி சைக்கிளில் வந்து சேர்ந்தான்
கைக்காத்தாடியைத் தூக்கிக் காட்டியபடி.
ஒன்று புள்ளி ஆறுக்கு மேல் போகக் கூடாது.
இரண்டு.
குன்றைப் பார்த்தோம். கடைசி ஆலையின் ஓர் இறக்கை
சோம்பல் முறிப்பதுபோல் அசைந்துகொண்டிருந்தது.

இன்றைக்கு அவள் கொழுந்துக்குப் போகவில்லை.
மலையில் ஒரு பேர் போச்சு.
இங்கேயும்,
நிறை குறைந்த கூடைக்குக் கணக்கப்பிள்ளை எழுதுவதுபோல,

"அரைப் பேரா?" என்றாள்.
ரிஸ்மி பதில் சொல்லவில்லை.
அரைப் பேர் என்று ஒன்று
இந்த விளையாட்டில் கிடையாது.

கூட்டைவிட்டு அவள் இறங்கவில்லை.
தண்ணீர் குடித்தாள். கண்ணாடியைத் தாவணி நுனியால் துடைத்தாள்.
"டேப் இருக்கா?"

இருக்கிறது, ஒரு சுற்றுக்கு.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.
மூன்று பேரும் அந்த இறக்கையைப் பார்க்கிறோம்.