தொடர்ச்சி

பனி உருகிவிடுமென்று
முதல் நாளே சாகடித்தோம் சிசானாவை.
மெஸ்தியா மலைச்சரிவில், ஏழாவது டேக்கில்
இமை துடிக்காமல் செத்தாள்.
எழுந்து மூக்கைச் சிந்திவிட்டு
வால்நட் இருக்கிறதா என்று கேட்டாள்.

வியாழக்கிழமை, சைக்கிள் பழகும் காட்சி.
திங்களன்று பிணத்தின் உள்ளங்கையில் வரைந்த சிராய்ப்பு
இன்று உயிரோடிருப்பவளுக்கும் அதே இடத்தில்
இருக்கிறதா என்று பார்ப்பது
என் வேலை.

திரைக்கதையில் அவளுக்குப் பெயரில்லை.
‘சிறுமி’, அவ்வளவுதான்.
குதிரைக்கு இருக்கிறது.

“நான் எதுக்கு செத்தேன்?”
கையை நீட்டியபடியே கேட்டாள்.
“உன் அண்ணன் திருந்தணுமே.”
“அவன் வேற எப்படியாவது திருந்தட்டும்.”

அடுத்த டேக்கில்
‘கட்’ சொன்ன பிறகும் மிதித்துக்கொண்டே
பாலத்தைத் தாண்டிவிட்டாள்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
சிராய்ப்பு, இடது கை, சரி.
ஆள் சட்டகத்தில் இல்லை.