இரவல் டம்ளர்

வியாழன் எட்டரைக்குக் கதவைத் தட்டுவேன்.
கதவுக்கு இந்தப் பக்கம் தெரு கிடையாது.
தெர்மாகோல், ஒயர்,
பீடியை உள்ளங்கையில் ஒளிக்கும் லைட்மேன்.
"ஒரு டம்ளர் சீனி இருக்குமா?"
சொல்லிவிட்டு ரெண்டு விநாடி நிற்க வேண்டும்.
சிரிப்பைப் பிறகு ஒட்டுவார்கள்.

சர்க்கரை என்றுதான் வசனத்தில் இருந்தது.
வாயில் வரவில்லை, ஞானஒளிவுபுரத்து வாய்.
சீனி என்றதற்கே கேமராவுக்குப் பின்னால் யாரோ சிரிக்க,
பிழை பாத்திரமாகிவிட்டது.
அப்புறம் ஆறு வருஷம்,
முந்நூற்றுப் பதினோரு வாரம்
காபித்தூள், குக்கர் விசில், மாப்பிள்ளையின் ஸ்கூட்டர்,
ஒரு தீபாவளிக்கு அவர்கள் வெடிகூட இரவல்.

அமலோற்பவம் நீளமென்று
டைட்டிலில் அமுலு ஆக்கினார்கள்.
ஊரில் அதுவும் போய் டம்ளரக்கா.
அரசரடி சிக்னலில் ஆட்டோக்காரர் திரும்புவார்:
"டம்ளர் எங்கக்கா?"
பூசையில் சமாதானம் சொல்லிக் கைகூப்பினால்
முன்வரிசைப் பெண் உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

மார்ச்சில் மேனேஜர் ஃபோன் செய்தார்,
நாளையிலிருந்து பால் வேண்டாம் என்பது போல.
ஜூலையில் செபஸ்தியானுக்குக் கிட்னி.
பெரியாஸ்பத்திரியில் வரிசை நீளம்,
தனியாரில் பில் நீளம்.

கீழமாசி வீதி ஜெயக்கொடி அண்ணாச்சி
மகள் கல்யாணத்தில் என்னை மேடையேற்றி
டம்ளரோடு படம் எடுத்தவர்.
போனேன். உளுந்து மூட்டைமேல் உட்கார்ந்தேன்.
"அண்ணாச்சி, ஒரு எழுபதாயிரம் இருக்குமா?"

அவர் சிரித்தார்.
கணக்குப்பிள்ளை சிரித்தார்.
தராசுப் பையன் துவரம்பருப்பைச் சிந்திவிட்டுச் சிரித்தான்.
ஒட்டவைக்காத சிரிப்பை
அன்றுதான் முதலில் கேட்டேன்.
நன்றாக இருந்தது, பொய் சொல்வானேன்.
எதற்கு வந்தேன் என்பதே
ஒரு நிமிஷம் மறந்துபோனது.

காபி வந்தது.
"இன்னொரு தரம் சொல்லுங்கக்கா, பேத்திக்கு அனுப்பணும்."
செல்ஃபோனைத் தூக்கிப் பிடித்தார்.
சொன்னேன்.
வெளிச்சம் பத்தவில்லையாம்,
வாசல் பக்கம் வந்து மறுபடி சொன்னேன்.

மெஷினில் படுத்திருந்தவர் கேட்டார்:
"கேட்டியா?"
"கேட்டேன்."
"சிரிச்சாரா?"
தலையாட்டினேன்.
சரியாக ரெண்டு விநாடி கழித்து
அவரும் சிரித்தார், குழாய் அசையாமல்.

வளையல்தான் கடைசியில் கைகொடுத்தது.
அடகுக்கடைக்காரர் வீட்டில் டிவி இல்லை,
மாதாவே, அதுவும் உன் கிருபை.

பாக்கிச் சம்பளம் கேட்டுச் சென்னை போன அன்று
செட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.
என் கதவு சுவரில் சாய்ந்து நின்றது, தாழ்ப்பாளோடு.
பணம் அடுத்த மாதம் என்றார்கள்.
டம்ளரைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.
இப்போது அதில் அடகுச் சீட்டுகள்
சுருண்டு நிற்கின்றன.

புராப்பர்ட்டி மாரிச்சாமியின் பேரேட்டில்
என் பெயருக்கு நேரே
இன்னும் இருக்குமாம், சிவப்பு மையில்:
எவர்சில்வர் டம்ளர், ஒன்று.
வாங்கியது. திருப்பவில்லை.