இடது இருக்கை

பத்தொன்பது வருஷமாக இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்.
என் காலடியில் ஒரு பிரேக்.
ஸ்டீயரிங் எப்போதும் அடுத்தவர் கையில்.
தூக்கத்திலும் மிதிக்கிறேனாம், செண்பகவடிவு சொல்கிறாள்.
அவள் கணுக்காலில் சாட்சி இருக்கிறது.

மாசி வீதியில் பாடம் எடுப்பதில்லை.
அது தேருக்கு அளந்து போட்ட தெரு,
வருஷத்தில் ஒருநாள்தான் அகலம்.
புதியவர்களை ரிங் ரோட்டுக்குக் கூட்டிப்போவேன்.
அதற்கு முன்னால் பைபாஸ்,
அதற்கும் முன்னால் வெளி வீதி.
ஒரு காலத்தில் அதுவே ஊருக்கு வெளியே, பெயரைப் பாருங்கள்.
பெல்ட்டில் ஒவ்வொரு ஓட்டையாகத் தளர்த்துகிறது மதுரை.
கடைசி ஓட்டைக்கும் அப்பால்
பொட்டலில் கல் நட்டு போர்டு வைத்திருக்கிறார்கள்:
மாட்டுத்தாவணியிலிருந்து பதினைந்தே நிமிடம்.
யாருடைய நிமிடம் என்று எழுதவில்லை.

ஆரம்பத்தில் வந்தவர்கள்
கல்ஃபுக்குப் போக லைசென்ஸ் கேட்டவர்கள்.
அப்புறம் மாப்பிள்ளைகள்.
சீர்வரிசையில் கார் ஏறிய வருஷம்
எங்கள் முதலாளி இன்னும் இரண்டு வண்டி வாங்கினார்.

தில்ஷாத் பேகம் வந்தது ஐம்பத்துமூன்று வயதில்.
கே.கே. நகர் வீட்டில்
கார் வருவதற்கு ஆறு வருஷம் முன்பே
தரைத்தளத்தை அதற்கு விட்டுவிட்டு
மாடியில் குடியேறியவர்கள்.
கார் வந்தது. ஓட்டியவர் ஒரு நோன்பு மாதத்தில் போய்ச் சேர்ந்தார்.
உறைக்குள் கிடந்த வண்டியைத் தாண்டித் தாண்டி
ஆட்டோ பிடிக்கப் போயிருக்கிறார் இரண்டு வருஷம்.
"படி ஏறத்தான் முட்டி வலிக்குது தம்பி,
கிளட்ச் மிதிக்க வலிக்கல."

விரகனூர் ரவுண்டானாவை
எந்தப் பக்கம் விலகுவதென்று தெரியாமல்
மூன்று முறை சுற்றினார்.
லாரிக்காரன் சொன்ன வார்த்தை
அவருக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை.
"உங்க கார் எது?" என்று ஒருநாள் கேட்டார்.
"திருநகர் பஸ்" என்றேன்.

ஐப்பசி மழை. பழங்காநத்தம் நிறுத்தம்.
முழங்கால்வரை நனைந்து நிற்கிறேன்,
பக்கத்தில் வந்து நிற்கிறது அந்தக் கார்.
இடது பக்கக் கதவு திறக்கிறது.

அடுத்த சிக்னல் மஞ்சளாவதற்குள்
என் கால் போய்விட்டது.
அங்கே கால்மிதி மட்டும்தான் இருந்தது.
அவர் நிறுத்தினார்,
கோட்டுக்கு ஒரு முழம் முன்னால், அலுங்காமல்.

"எங்கே இறங்கணும்?"

என் வீட்டைத் தாண்டி
இரண்டு ஸ்டாப் தள்ளிச் சொன்னேன்.