அரை மூட்டை உப்பு

வண்ணார்பேட்டை ஜெராக்ஸ் கடையில்
சனிக்கிழமை ராத்திரி
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
நாலு பேர் ஆடுகிறோம்.
வரைபடம் பெனிட்டா போட்டது:
தாமிரபரணியின் அதே வளைவு,
பாலத்துக்கு மட்டும் வேறு பெயர்.

என் ஆள் ஓடக்காரி. பெயர் குறுவை.
வலிமை பதினொன்று, தந்திரம் பதினாறு,
கையிருப்பு: கயிறு, அரை மூட்டை உப்பு.
பாலத்தடியில் அவள் பாய்ந்தபோது
இருபது முகப் பகடை
சேர்மதுரையின் டீ கிளாஸில் இடித்துத் திரும்பி
ஒன்று காட்டியது.

'செத்துட்டா' என்றாள் பெனிட்டா.
பென்சிலைக் கடித்தபடி,
'அந்த உப்பை யாருக்குட்டீ கொண்டு போனா?'

எனக்குத் தெரியவில்லை.

விடுப்புக் கடிதம் தவிர
எதுவும் எழுதாத கை.
சமாதானபுரத்து அறையில் அன்றைக்கு
மை தீற்றிப் பாழான நகல்களின் முதுகில்
தொடங்கினேன்.
யாருடையதோ ஒரு பட்டா
பின்னாலிருந்து தெரிகிறது;
குறுவை துடுப்புப் போடும் வரிக்குள்
மூன்று சென்ட் நிலம்.
உப்பு அவள் தங்கைக்கு.
அடித்தேன்.
உப்பு, கடன் கொடுத்த மீன்காரனுக்கு.
அதுவும் பொய்.
பதினேழு தாள் தாண்டியும்
அவள் தோளிலிருந்து மூட்டை இறங்கவில்லை.

அடுத்த சனி வாசித்தேன்.
'செத்தவ எப்படி நடப்பா?
செல்லாது பிள்ள, உருட்டணும்லா'
சேர்மதுரை உருட்டியே விட்டான்.
பகடை மேஜையைத் தாண்டி
மெஷினுக்கு அடியில் போய் நின்றது.
என்ன எண்ணோ.

யாரும் குனியவில்லை.
'மேல வாசி' என்றான் அசனார்.