மணியடிக்கிறவள்

பகாவில், லியூவின் இரும்புக்கடைக்கு மேலே ஒரு கூடம்.
மாதத்தின் இரண்டாம் சனி, மாலை ஐந்துக்கு
உலகம் அங்கே வரும்.
படியேறும்போதே யூரியா வாசம்,
கீழே மூட்டை அடுக்கியிருப்பார்கள்.

'உலக நடப்பும் நாமும்' – ஆறு சொற்பொழிவுகள்.
அனுமதி இலவசம். மைலோவும் கறிபாப்பும் உண்டு.
கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னது நான்.
கூட்டுறவுச் சங்கத்து நாகேந்திரனுக்கு அதில் மனத்தாங்கல்.

என் வேலை மணியடிப்பது.
நாற்பது நிமிடம் பேச்சு, பத்து நிமிடம் கேள்வி.
பள்ளிக்கூடம் வேண்டாமென்று போட்ட பித்தளை மணி,
நாக்கு தேய்ந்து ஒரு பக்கம்தான் பேசும்.

வாரநாளில் நான் ஆலையின் நிறுவைப் பாலத்தில்.
செம்பனைக் குலையோடு லாரி ஏறும்போது ஓர் எடை,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் எடை,
கழித்தால் வருவதுதான் காசு.
பழக்கம் விடவில்லை.
பேச வருகிறவர்களையும் படியேறும்போது ஒருமுறை
இறங்கும்போது ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

முதல் மாதம் தென்சீனக் கடல்.
லியூ மேலே வந்து கதவோரம் நின்றார்.
தமிழ் தெரியாது, வரைபடம் தெரியும் போல.
பாதியில் தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.
இரண்டாம் மாதம் போர்.
முப்பத்தெட்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.
கேள்வி ஒன்றே ஒன்று:
உருளைக்கிழங்கை ஏன் அரைவேக்காட்டில் விட்டீர்கள்?
மூன்றாவது, டாலர். பதினோரு பேர், இருவர் தூக்கம்.

நான்காவது, செம்பனையும் ஐரோப்பாவும்.
அன்றைக்குக் கூடம் கொள்ளவில்லை,
உரமூட்டைமேல் எல்லாம் ஆட்கள்.
கோலாலம்பூர் செல்வநாயகி சொன்னார்:
"ஒவ்வொரு பழமும் எந்த நிலத்தில் காய்த்தது என்று
இனி அங்கே கேட்பார்கள்,
அட்சரேகை, தீர்க்கரேகையோடு."
நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
இத்தனை வருடம் நிறுத்திருக்கிறேன்,
பழத்துக்கு முகவரி கேட்டதில்லை.

கேள்வி நேரத்தின் ஒன்பதாம் நிமிடத்தில்
பின்வரிசையில் ரஃபிகுல் எழுந்தான்.
குலை வெட்டுகிறவன், வங்காளதேசத்துக்காரன்.
ஐந்து வருடத்தில் பாதித் தமிழ், மீதி மலாய்.
சட்டையை நீவிவிட்டுக்கொண்டான்.
"அக்கா, பழம் எங்கே இருந்து வந்துச்சு, அவங்களுக்கு வேணும். சரி.
நான் எங்கே இருந்து வந்தேன், பாஸ்போர்ட்ல எழுதியிருக்கு.
பாஸ்போர்ட் ஏஜெண்டுகிட்ட இருக்கு. மூணு வருசம்.
அதை யாராவது அங்கே..."

அடித்தேன்.
கை தானாகப் போய்விட்டது.
நாற்பதும் பத்தும் ஐம்பது.

"நல்ல கேள்வி," என்றார் செல்வநாயகி, கைப்பையை மூடியபடி.
நாகேந்திரன் நன்றியுரை. பொன்னாடை. புகைப்படம்.
ரஃபிகுல் உட்காரவேயில்லை,
நின்றபடி நகர்ந்து கறிபாப் வரிசையில் சேர்ந்துகொண்டான்.
வாக்கியத்தின் மிச்சம் என்னவென்று
தட்டு நீட்டும்போது கேட்டிருக்கலாம்.
"சாஸ் வேணுமா" என்று கேட்டேன்.

திங்கட்கிழமை, லாரி வராத ஒரு பொழுதில்
பாலத்தின்மேல் நானே ஏறி நின்றேன்.
கண்ணாடி வழியே திரையைப் பார்த்தேன். அறுபது.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
ஓர் ஆளை நிறுக்கச் செய்ததில்லை அது.

ஐந்தாம் மாதம் பருவநிலை மாற்றம்.
பேச்சு தொடங்கிப் பத்து நிமிடத்தில் மழை.
தகரக் கூரையில் அப்படியொரு மழை,
பேராசிரியரின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.
ஒலிபெருக்கியைக் கூட்டினார்கள், மழையும் கூடியது.
ரஃபிகுல் வந்திருந்தான்.
முதல் வரிசை, என் மேசைக்கு நேர் எதிரே.

நாற்பது ஆனது.
நான் மணியைத் தொடவில்லை. நாற்பத்தொன்று.
அவன் என்னைப் பார்த்தான்.
வெறும் மணிக்கட்டை இரண்டு முறை தட்டிக் காட்டினான்:
அக்கா, நேரம்.
சிரித்த மாதிரிதான் இருந்தது, உறுதியாகச் சொல்ல முடியாது.

எடுத்து அடித்தேன்.
அந்த மழையில்
எனக்கே கேட்கவில்லை.