கடைசிச் சைபர்

டுலூத் துறைமுகத்தில் ஏரி உறைந்துகிடக்கிறது.
கிளினிக்கின் கீழ்த்தளத்தில்
ஐலா நியெமிக்கு இன்று எண்பத்திரண்டு கோப்புகள்.
நாற்பத்தொன்றாவது: வேட் ஆஸ்ட்பி, முப்பத்தாறு வயது,
குளிர்காலத்துக்குக் கட்டிப்போட்ட தாதுக் கப்பலில் வெல்டர்.
பனியில் வழுக்கி மணிக்கட்டு முறிவு.
போகிறபோக்கில் டாக்டர் ஒரு வரி போட்டிருக்கிறார்:
'பிறவியிலேயே இதயக் கோளாறு.'

மென்பொருள் அந்த வரியைக் கவ்விக்கொண்டு
க்யூ 21.3 என்கிறது.
இருக்கிறது என்று அர்த்தம்.

அவள் பின்னோக்கிப் புரட்டுகிறாள்.
பதினோராம் மாதத்தில் நெஞ்சைத் திறந்து
ஓட்டையை அடைத்து
குறுகிய வழியை அகலப்படுத்தியிருக்கிறார்கள்.
போன வருஷத்து எக்கோவில் ஒரு குறையுமில்லை.
அப்படியானால் இஸட் 87.74.
இருந்தது, சரிசெய்தாயிற்று.
முப்பத்தைந்து வருஷமாகக் க்யூவில் நின்றவனைக்
கைபிடித்து வெளியே கூட்டிவருகிறாள்.
அவனுக்குத் தெரியாது.
அவனுக்கு மணிக்கட்டுதான் வலிக்கிறது.

வினை முற்றா எச்சமா என்று பார்ப்பதற்கு
மணிக்கு இருபத்துநாலு டாலர்.

கைப்பையில் நாலாக மடித்த பில் ஒன்று இருக்கிறது,
அவள் பெயருக்கு.
காதுப் பரிசோதனை, நானூற்றுப் பன்னிரண்டு டாலர்.
மூன்றாவது வரியில் க்யூ 36.9.
மேலுதடு.
மூன்று மாதக் குழந்தைக்குத் தைத்து முடித்தது
நாற்பத்தொன்பது வயதில் இன்னும் பிளந்தபடி
யாரோ ஒருவருடைய விசைப்பலகையில்.

தன் கோப்பைத் தானே திறக்கக் கூடாது, விதி.
சாப்பாட்டு நேரத்தில் போன் போடுகிறாள்.
முப்பத்தெட்டு நிமிஷம் பியானோ.
பிறகு ஒரு பையன், வாயில் எதையோ மென்றபடி:
"மேடம், அது இருக்கா, இருந்துச்சா?"

ஆயிரம் எண்கள் விரல்நுனியில் வைத்திருப்பவள்
சட்டென்று சொல்லவில்லை.
குளிர் ஏறினால் அந்தத் தழும்பு வெளுக்கும்.
லிப்ஸ்டிக் அங்கே மட்டும் ஒட்டாது.
முதல் முத்தத்துக்கு முன்னால் ஒருவன் கேட்டான்,
நாயா கடிச்சது?
அதற்கு எண் இல்லை. தேடிப் பார்த்திருக்கிறாள்.

"இருந்துச்சு," என்கிறாள்.
"இஸட் 87.730. கடைசிச் சைபரை விட்டுடாதே,
பில் திரும்பி வந்துடும்."

நாற்பத்திரண்டாவது கோப்பு.
பெண் குழந்தை, பிறந்து நாலு நாள்,
பெயர் இன்னும் வைக்கவில்லை.
க்யூ 36.9.
இரண்டு முறை படிக்கிறாள்.
சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்,
இப்போதைக்கு.